அக்கா போன் அடிச்சா எடுக்கக் கூடாது

நான் முகையூரு பக்கம். விழுப்புரத்த தாண்டிட்டேன்னா அதுவே எனக்கு ஃபாரினுதான். எம்மவன் துபாய்க்கு போய்ட்டு வந்து ஒரு மாசம் அதையே பேசுனான். நான் பெருமுக்கல்லு போய்ட்டு மூணாம் நாளு திரும்பி வந்துட்டேன், எனக்கு ஒரு வருசத்துக்கு பேச வெசயம் இருக்குது.

எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு. நான் பேசிக்கினே போறேன், எம்பேத்தி மஞ்சு எழுதிக்கினே வரா. நடுவுல "ஆயா, பஸ்ஸு எங்கயோ நிக்குது, அத மொதல்ல எடு"ன்னு ஞாபகப்படுத்தறதும் அவதான். நான் வண்டிய நடு ரோட்டுல உட்டுட்டு வேற பக்கம் போய்டுவேன், கோச்சிக்காதீங்க.

பெருமுக்கல்லு திண்டிவனத்துக்கு அந்தாண்ட, மரக்காணம் போற ரோட்டுல இருக்குது. அங்கதான் எங்க அஞ்சலை அக்கா. என்ன விட பத்து வயசு மூத்தவ. எனக்கு தல வாரி உட்டவ, பேன் பாத்தவ, எதுத்து பேசுனா முதுவுல ரெண்டு போட்டவ. மாமா போய் ஆறு வருசம் ஆச்சு. ஒரே மவன் செல்வம் சிங்கப்பூர்ல கப்பல் வேல பாக்கறான். அவன் பொண்டாட்டி, புள்ளைங்க தாம்பரத்துல மூணாவது மாடில இருக்குதுங்க. அக்கா மட்டும் ஊர்ல ஒண்டியா. ரெண்டு கோழி, ஒரு முருங்க மரம், ஒரு சக்கர வியாதி, இதுங்களோட குடித்தனம் பண்ணிக்கினு இருக்கறா.

"தாம்பரத்துக்கு வந்துடும்மா"ன்னு செல்வம் கூப்புட்டா, "மூணாவது மாடில கோழி எங்கடா மேயும்?"னு கேப்பா. நான்தான் நடுவுல பூந்து, "உடுடா, நான் பாத்துக்கறேன்"னேன். அவன் சிரிச்சான். "சின்னம்மா, நீ முகையூர்ல இருந்துக்கினு எப்டி பாத்துப்ப?"

எப்டின்னு கேளுங்க. அக்காவுக்கு காலைல ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. முழுங்குன ஒடனே எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். நான் எடுக்க மாட்டேன். அடிச்சு நின்னா அக்கா மாத்திரை போட்டுட்டா, நல்லா இருக்கறா. அடிக்கலன்னா எம்மருமவ போன்லருந்து அக்கா பக்கத்து வூட்டு கஸ்தூரிய கூப்புடுவேன், அவ ஓடிப் போய் பாப்பா. "இப்பதான் பேசறதுக்கு தனியா காசு கெடயாதே, எதுக்கு ஆயா மிஸ்டு காலு"ன்னு மஞ்சு கேக்கறா. அப்ப என்கிட்ட இருந்தது மைக்கு போன போனு. நான் கத்துனாலும் அந்தாண்ட கேக்காது. அதுக்கு மிஸ்டு காலுதான் லாயக்கு.

ஆனா எங்க அக்காவ சும்மா நம்ப முடியாது. வெல்லத்த தொட மாட்டேன்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டு, முறுக்கு டப்பாவுல அச்சு வெல்லத்த ஒளிச்சு வச்சு தின்னவ. அதனால மொத நாளே சூடம் ஏத்தி, அவள ஒக்கார வச்சு, கொலதெய்வம் பச்சைவாழியம்மா பேர சொல்லி உள்ளங்கையால அணைக்க சொன்னேன். "மாத்திரை முழுங்காம மிஸ்டு கால் குடுக்க மாட்டேன்"னு அணைச்சா. எங்க பக்கம் சூடம் அணைச்சு சொல்லிட்டா சொன்னதுதான். உசுரே போனாலும் மாத்த மாட்டாங்க. மூணு வருசம் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு.

இந்த பொங்கலுக்கு எம்மவன் புது டச்சு போனு வாங்கிக் குடுத்தான். எனக்கு பேரு படிக்கத் தெரியாதில்ல, அதனால மஞ்சு ஒவ்வொருத்தருக்கும் மூஞ்சி போட்டு வச்சா. மருமவன் அடிச்சா மருமவன் மூஞ்சி. ரேசன் கடைக்கு மூஞ்சி இல்ல, அதுக்கு ஒரு அரிசி மூட்ட. அக்கா அடிச்சா, அக்கா வாய தொறந்து சிரிச்சுக்கினு, கீழ ஒரே ஒரு பல்லு தெரிய, போன் முழுக்க வந்து நிப்பா.

நீங்களே சொல்லுங்க. அந்த மூஞ்சிய பாத்துக்கினு எப்டி எடுக்காம இருக்கறது? நாலு நாளு பொறுப்பேன், அஞ்சாவது நாளு வெரலு அதுவா போய்டும். "அக்கா!"ம்பேன். அவ, "ஏன்டி எடுத்த? வை வை"ன்னு கத்தி கட் பண்ணிடுவா. கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பி அடிப்பா. கோவமா இருக்கறாளேன்னு அப்ப எடுக்க மாட்டேன். மாசி போயி பங்குனி வந்ததும் எனக்கு ஆச ஜாஸ்தி ஆயிடுச்சு. ஒரு நாளு உட்டு ஒரு நாளு எடுத்துடுவேன். ஒரு நாளு காலைல ரெண்டு வாட்டி எடுத்துட்டு நல்லா திட்டு வாங்குனேன். 

இப்டி இருக்கும்போதுதான் ஒரு புதன்கெழம செல்வம் சிங்கப்பூர்லருந்து கூப்புட்டான். அங்க நமக்கு முன்னாடியே விடிஞ்சிடுமாம், அதனால அவன் கொண்டு வர சேதியும் நமக்கு முன்னாடியே எழுந்து ஒக்காந்திருக்கும்.

"சின்னம்மா, அம்மா கொழாயடில மயங்கி விழுந்துடுச்சாம். கஸ்தூரிதான் சக்கர தண்ணி குடுத்து எழுப்பி இருக்குது. மாத்திரை குடுக்கற நர்சம்மா வந்து பாத்தா, மாசத்துக்கு குடுத்தது பத்து நாளு முன்னாடியே காலி, வேற குடுத்துட்டு போயிருக்கறாங்க. போட்டது மறந்து மறந்து திருப்பி போடுது போல. இனிமே தனியா உட மாட்டேன். சனிக்கெழம தாம்பரத்துலருந்து எம்பொண்டாட்டி கார் எடுத்துக்கினு வரா. வூட்ட பூட்டி கூட்டிக்கினு போய்டுவா."

எனக்கு பேஜாரா பூடுச்சு. எங்க அக்காவா மறக்கறவ? ஏழு வயசுல நான் அவ கண்ணாடி வளையல ஒடச்சத இன்னிக்கும் சொல்லிக் காட்டறவ. "சனிக்கெழமைக்கு முன்னாடி நான் போய் பாத்து சொல்றேன்டா"ன்னேன். ரெண்டு படி மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, பையில கொட்டி கட்டிக்கினு வியாழக்கெழம கெளம்பிட்டேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு இருக்குதே, எங்க ஊரு ஏரி அத்தன பெருசு. பஸ்ஸு மேல எழுதி இருக்கறது எனக்கு கோலம் மாதிரிதான். ஆனா எனக்குன்னு ஒரு வழி இருக்குது. மூணு பேர கேப்பேன். ரெண்டு பேரு ஒரே பஸ்ஸ காமிச்சா ஏறிடுவேன். அன்னிக்கு பாருங்க, மூணு பேரும் மூணு பஸ்ஸ காமிச்சாங்க. நாலாவதா டீக்கடகாரர கேட்டேன். "மெட்ராஸு போற பஸ்ஸு எல்லாமே திண்டிவனத்த தாண்டிதான் ஆயா போவும், ஏதாச்சும் ஒண்ணுல ஏறு"ன்னாரு. பொய் சொல்லல அவரு. தாண்டிதான் போச்சு.

கண்டக்டரு மொதல்லயே சொல்லிட்டாரு, "இது ஊருக்குள்ள போவாது, பாலத்தாண்ட எறக்கி உடுவேன், ரெடியா இரு"ன்னு. நானும் ரெடியாதான் இருந்தேன். பையி மடில, செருப்பு கால்ல. பக்கத்துல மீசக்காரரு ஒருத்தரு, பட்டாளத்துல இருந்து வந்தவராம். முன் சீட்டுல ஒரு வடக்கத்தி புள்ள, கட்டட வேலைக்கு போறவன் போல, போன்ல மூஞ்சிய பாத்து பேசிக்கினு இருந்தான். போனுக்குள்ள முக்காடு போட்ட ஒரு அம்மா. அவன் ஒண்ணு சொல்ல, அந்த அம்மா ஒண்ணு சொல்ல, அவன் குரலு ஏறுது. எனக்கு இருப்பு கொள்ளல.

"இன்னாங்க பேசுதுங்க?"ன்னு மீசக்காரர கேட்டேன்.

அவரு காத தீட்டிக்கினு சொல்லிக்கினே வந்தாரு. "மாத்திரை போட்டியாம்மான்னு கேக்கறான்... போட்டுட்டேன்றாங்க... அட்டைய காமின்றான்... அட்டைய காணம்றாங்க."

"பொய்யி சொல்லுதுங்க அந்தம்மா! கண்ண பாருங்க!"

"அதான் அவனும் சொல்றான். பக்கத்துல தங்கச்சி இருக்குதான்னு கேக்கறான். தங்கச்சி வந்துடுச்சி... அட்டைய எடுத்து காமிக்குது... ஒண்ணு கூட பிரிக்கலயாம்!"

நான் கன்னத்துல கை வச்சுக்கினேன். எந்த ஊரோ, எந்த பாஷையோ, மாத்திரை சண்ட மட்டும் ஒரே மாதிரி இருக்குது. கடசில அந்த அம்மா எங்க கண்ணு முன்னாடியே முழுங்கி, நாக்க நீட்டி காமிச்சாங்க. நானும் மீசக்காரரும் "அப்பாடா"ன்னு சாஞ்சோம். அந்த புள்ள திரும்பி பாத்து வெக்கப்பட்டு சிரிச்சான். வெளிய பாத்தா பாலமும் இல்ல, ஊரும் இல்ல.

"இன்னா ஆயா, திண்டிவனம் திண்டிவனம்னு தொண்ட கிழிய கத்துனேனே!"ன்னு கண்டக்டரு வந்தாரு.

"நீ தமிழ்ல கத்துனப்பா, நான் இந்தில இருந்தேன்"னேன். பஸ்ஸே சிரிச்சுது. ஒலக்கூர் கூட்ரோட்டுல எறக்கி உட்டுட்டு போய்ட்டாங்க.

வெயிலு மண்டைய பொளக்குது. ரோட்டோரம் ஒரு கொல்லையில மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தாங்க. அஞ்சாறு பொம்பளைங்க, தலைல துண்டு. நான் பையோட வேலியோரம் நிக்கறத பாத்துட்டு ஒருத்தி, "எங்க ஆயா போவணும்?"னா.

"பெருமுக்கல்லு."

"பெருமுக்கல்லு அந்தாண்ட. நீ இந்தாண்ட வந்து நிக்கற. பையில இன்னா?"

"மல்லாட்ட."

அதுக்கு அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே! "அடி, மல்லாட்ட கொல்லைக்கு மல்லாட்ட தூக்கிக்கினு வந்திருக்குதுடி ஆயா!" ஒருத்தி செடியோட புடுங்கி என் கையில குடுத்து, "உங்கூரு கொட்ட பெருசா எங்கூரு கொட்ட பெருசா பாத்துடலாம்"னு ஒக்கார வச்சுட்டா. உள்ளத சொல்லணும்னா அவங்களோடதுதான் பெருசு. நான் ஒத்துக்கல. "எங்களோடது சின்னது, ஆனா எண்ண ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டேன்.

சோத்து நேரம். தூக்குல கேப்ப கூழு கொண்டாந்திருந்தாங்க. எங்க வூட்டுல கூழுன்னா மோர ஊத்தி தண்ணியா கரைப்போம். இங்க கட்டியா வச்சு, பச்ச வெங்காயத்த கடிச்சு, சுட்ட கருவாட்டோட உள்ள தள்றாங்க. நான் ரெண்டு உருண்ட தின்னேன். எதுக்கு போறேன்னு கேட்டாங்க, சொன்னேன். அதுல வயசானவ ஒருத்தி சொன்னா, "மறதின்னு ஒரு வாட்டி பேரு வந்துடுச்சுன்னா அவ்ளோதான் ஆயா. அப்பறம் உப்பு எங்கன்னு கேட்டா கூட மறதின்னுதான் சொல்லுவாங்க. ஜல்தியா போ."

அந்த பேச்சு என் வயித்துல கூழு மாதிரியே கட்டியா நின்னுது. ஆட்டோவ நிறுத்தி அவங்களே ஏத்தி உட்டாங்க. திண்டிவனம் வந்தா ரோட்டோரம் பூரா தர்பூசணி, மலை மலையா. ஒரு துண்டு வாங்கி நின்னுக்கினே தின்னேன், ரவிக்க எல்லாம் செவப்பு. அங்கருந்து டவுன் பஸ்ஸு. பொழுது சாயற நேரத்துல பெருமுக்கல்லு மலை தெரிஞ்சுது.

அக்கா வாசல்ல முருங்கக் கீர ஆஞ்சுக்கினு இருந்தா. என்ன பாத்ததும் எழுந்துக்கல. "வாடி. வேவு பாக்க வந்தியா?"

"மல்லாட்ட குடுக்க வந்தேன்."

"மல்லாட்ட இந்த ஊர்ல கெடைக்காதா? ரவிக்கையில இன்னாடி ரத்தம்?"

"தர்பூசணிக்கா."

"இந்த வயசுலயும் ஒழுங்கா திங்கத் தெரியல. இவ வந்து என்ன பாத்துக்கறாளாம்."

சாயங்கால மாத்திரைய நான் வரத்துக்கு முன்னாடியே போட்டு மிஸ்டு காலும் குடுத்துட்டாளாம். என் போனு பையில மல்லாட்டைக்கு அடில கெடந்துது, எனக்கு கேக்கல. ராத்திரிக்கு மத்தி மீன் கொழம்பு, முருங்கக் கீர பொரியலு. மரக்காணம் பக்கம்னா மீனுக்கு பஞ்சம் இல்ல. தண்ணிதான் வாயில வெக்க முடியல, லேசா உப்பு கரிக்குது. "எங்கூரு தண்ணி எளநி மாதிரி"ன்னேன். "அப்ப அங்கயே குடிச்சுட்டு வந்திருக்கணும்"னா அக்கா. மண்டையில ஒரு கொறையும் இருக்கற மாதிரி எனக்கு தெரியல.

அப்பறம்தான் கவனிச்சேன். கோழி சத்தமே இல்ல. "கோழிங்க எங்கக்கா?"

"கஸ்தூரி கிட்ட உட்டுட்டேன்."

செவுத்துல ஆணில ஒரு கட்டப் பையி தொங்குது. எறக்கி பாத்தேன். ரெண்டு பொடவ, மாமா போட்டோ, அப்பறம் ஈரத் துணில சுத்தி ஒரு முருங்கக் குச்சி.

"இது எதுக்கு?"

"அந்த மாடில தொட்டி இருக்குதாம். நட்டா வராதா?"ன்னா. என் பக்கம் திரும்பல, கொழம்பு சட்டிய கழுவிக்கினே சொன்னா. நான் குச்சிய திருப்பி ஈரத் துணில சுத்தி, பைய ஆணில மாட்டுனேன்.

வெள்ளிக்கெழம காலைல எழுந்து நான் ஒரு மூலையில கெழங்கு மூட்ட மாதிரி ஒக்காந்துக்கினேன். அக்கா பல்ல வெளக்குனா, அந்த ஒரு பல்லதான். மொகம் கழுவுனா. மாத்திரைப் பைய எடுத்தா. எழுத்து தெரியாததால அந்த பையிக்கு நானே ரெண்டு அற தச்சு குடுத்திருந்தேன். காலை மாத்திரைக்கு வெளிய ஒரு மஞ்ச பட்டனு, சாயங்கால மாத்திரைக்கு கறுப்பு பட்டனு. மஞ்ச பட்டன் அறைலருந்து ஒண்ண எடுத்தா, வாயில போட்டா, தண்ணி குடிச்சா. எல்லாம் சுத்தம். ஒரு தப்பும் இல்ல. அப்பறம் போன எடுத்து ஒரு பட்டன அமுக்குனா.

என் மடில போன் அடிச்சுது. அக்கா மூஞ்சி, ஒத்தப் பல்லு, வாய் நெறைய சிரிப்பு. சாமி சத்தியமா நான் யோசிக்கவே இல்ல. வெரலு போய்டுச்சு.

"அலோ, அக்கா!"

அக்கா மூணடி தள்ளி நின்னுக்கினு போனுலயும் கத்துனா, நேர்லயும் கத்துனா. "ஏன்டி எடுத்த, மூதேவி! வை!"

கட் பண்ணிட்டு முணுமுணுத்துக்கினே திரும்பி போனா. மாத்திரைப் பைய எடுத்தா. மஞ்ச பட்டன் அறைக்குள்ள கைய உட்டா. இன்னொரு மாத்திரைய எடுத்தா.

நான் எழுந்து பாஞ்சேன். கையில தட்டுன தட்டுல மாத்திரை அடுப்பாண்ட போய் உழுந்துச்சு. "எதுக்குக்கா இன்னொண்ணு?"

அவ என்ன பைத்தியக்காரிய பாக்கற மாதிரி பாத்தா. "நீதான் எடுத்துட்டியே."

"எடுத்தா?"

"எடுத்தா அது மிஸ்டு காலா? திருப்பி அடிக்கணும் இல்ல? மாத்திரை முழுங்காம எப்டிடி அடிப்பேன்? சூடம் அணைச்சிருக்கறேன். பச்சைவாழியம்மாவுக்கு நீ வந்து பதிலு சொல்லுவியா?"

நான் அப்டியே தரையில ஒக்காந்துட்டேன். எங்க அக்கா எதையும் மறக்கல. ஒண்ணு கூட மறக்கல. நான் ஆசயா "அக்கா"ன்னு கூப்புட்ட ஒவ்வொரு வாட்டியும் அவ ஒரு மாத்திரை ஜாஸ்தியா முழுங்கி இருக்கறா. நான் ரெண்டு வாட்டி எடுத்த அன்னிக்கு மூணு. அன்னிக்குதான் கொழாயடில உழுந்திருக்கறா.

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்ல உட்டியா? எடுத்தாலே நீதான பேசுவ? நான் 'வை'ன்னு கத்தறதுக்குள்ளயே உங்கூரு சேதி மூணு வந்துடுது."

கஸ்தூரி ஓடிப் போய் ஸ்டெல்லா நர்சம்மாவ கூட்டியாந்தா. வூடு வூடா வந்து மாத்திரை குடுக்கறது அவங்கதான். நான் எல்லாத்தையும் சொன்னதும் அந்தம்மா தலைல கை வச்சு ஒக்காந்தாங்க. அப்பறம் என் போன வாங்கி தேய் தேய்ன்னு தேச்சாங்க. நான் எப்பப்ப எடுத்தேன்னு அதுல பதிஞ்சிருக்குதாம். நான் எடுத்தத எண்ணி, கொறஞ்ச மாத்திரைய எண்ணி, ரெண்டையும் சேத்து பாத்தாங்க. ஒண்ணு பிசகல.

"பெரிய பாட்டி மண்ட நல்லாதான் இருக்குது"ன்னாங்க. "சின்ன பாட்டி வாயிலதான் கோளாறு."

அக்கா சிரிச்சா பாருங்க, போட்டோவுல இருக்கற அதே சிரிப்பு. நர்சம்மா சிரிக்கல. "இது வெளயாட்டு இல்ல. சக்கர எறங்கி பக்கத்துல ஆளு இல்லன்னா எழுந்துக்கவே முடியாது. சாமியே கேட்டாலும் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரைதான். போட்டமா இல்லியான்னு டவுட்டா இருந்தா போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க." அக்காவ மூணு வாட்டி சொல்ல வச்சாங்க, என்ன நாலு வாட்டி.

அடுத்தது செல்வம். போன்ல மூஞ்சி வந்துச்சு, தலைல மஞ்ச தொப்பி. நான்தான் சொன்னேன். தப்பு என்னோடதுன்னு சொல்றதுக்கு இந்த வாயிக்கு பழக்கம் இல்ல, இழுத்து இழுத்து சொல்லி முடிச்சேன். அவன் சிரிப்பான்னு நெனச்சேன்.

"சின்னம்மா, அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"ன்னான்.

அக்கா போன புடுங்குனா.

"டேய், அவள ஏன்டா மெரட்டற? போன எடுத்தா, கொலையா பண்ணா? என்கிட்ட பேச ஆசப்பட்டு எடுத்தா. ஆசப்பட்டு எடுக்கறதுக்கு எனக்கு வேற யாருடா இருக்கறாங்க?"

அந்தாண்ட கப்பல்ல எதையோ டொங்கு டொங்குன்னு தட்டற சத்தம் கேட்டுது. அப்பறம் செல்வம் சொன்னான், "சரிம்மா. சனிக்கெழம கார் வராது. ஒரு மாசம் பாப்போம். அடுத்த மாசம் நர்சம்மா எண்ணும்போது மாத்திரை சரியா இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் தாம்பரம்தான்."

"கொறயாது"ன்னா அக்கா. போன வச்சதும் என்ன பாத்து மொறச்சா. "கொறஞ்சா உன்னாலதான் கொறயும். சூடத்த எடு."

"எதுக்கு?"

"நான் மட்டும் அணைச்சேன். நீ அணைச்சியா? அன்னிக்கே உன்னையும் அணைக்க உட்டிருந்தா இந்த பாடு இல்ல."

வெளக்கு மாடத்துல சூடம் ஏத்துனா. ஸ்டெல்லா நர்சம்மா ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு போறவங்க, ஆனா "நானும் சாட்சி"ன்னு நின்னாங்க. "அக்கா அடிச்சா, அடிச்சு நிக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன். நின்னப்பறம் நானே கூப்புடுவேன்"னு சொல்லி அணைச்சேன். அக்காவும் "ஒரு வேளைக்கு ஒரே மாத்திரை, அவ எடுத்தாலும் எடுக்கலன்னாலும்"னு தாயி கிட்ட மன்னிப்பு கேட்டு புதுசா அணைச்சா. எங்கூரு சூடம் இவ்ளோ சுடாது. இன்னும் உள்ளங்கையில ஒரு பொட்டு கருப்பு இருக்குது.

மத்தியானத்துக்கு மேல கோழிங்க திரும்பி வந்துச்சுங்க. வந்ததும் வராததுமா என் மல்லாட்ட பைய கொத்துச்சுங்க. சாயங்கால மாத்திரை நேரத்துக்கு அக்கா என்ன நம்பல. "போன கஸ்தூரி கிட்ட குடுத்துட்டு எங்கயாச்சும் போய் தொல"ன்னா. அதனால மலைக்கு போனேன். மேல ஈஸ்வரன் கோயிலு. பாதி படி ஏறுனதும் முட்டி "நான் வரல"ன்னுடுச்சு. அங்கயே ஒரு பாறையில ஒக்காந்து கீழ பாத்தேன். பச்ச பச்சயா வயலு, நடுவுல அக்கா வூடு தீப்பெட்டி மாதிரி. வாசல்ல ஒரு புள்ளி அந்தாண்ட இந்தாண்ட நடக்குது. அது அக்காவா கோழியான்னு தெரியல. எதுவா இருந்தாலும் அதோட எடத்துல இருக்குது. ஈஸ்வரனுக்கு அங்கருந்தே ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிட்டேன்.

சனிக்கெழம விடிஞ்சதும் கெளம்பிட்டேன். அந்த முருங்கக் குச்சிய அக்கா என் கையில குடுத்துட்டா. "எனக்கு எதுக்கு, மரமே இருக்குது. நீ உங்கூரு எளநி தண்ணில வளத்து காமி." பஸ்ஸு திரும்பற வரைக்கும் நின்னுக்கினு இருந்தா.

திண்டிவனத்துல விழுப்புரம் பஸ்ஸு. இந்த வாட்டி மூணு பேரும் ஒரே பஸ்ஸ காமிச்சாங்க. ஜன்னலோர சீட்டு. ரெண்டு காலுக்கு நடுவுல குச்சி, மடில போனு. பஸ்ஸு கொஞ்ச தூரம் போயிருக்கும், மாத்திரை நேரம். போன் அடிச்சுது.

அக்கா மூஞ்சி. ஒத்தப் பல்லு.

கைய தொடைக்கு கீழ வச்சு மேல ஒக்காந்துக்கினேன். பக்கத்துல பூக்கூட வச்சிருந்த பொண்ணு, "போன் அடிக்குது பாட்டி"ன்னுச்சு.

"தெரியும்மா."

"எடுங்க."

"எடுக்கக் கூடாது."

பின்னாடி சீட்டுலருந்து ஒரு ஆளு எட்டி பாத்தாரு. "யாரு அது? கடன்காரனா?"

"எங்க அக்கா."

"அக்கான்னா எடு ஆயா, பாவம்!"

"எடுத்தா எங்க அக்காவ தாம்பரத்துக்கு கூட்டிக்கினு போய்டுவாங்கப்பா!"

பஸ்ஸுல யாருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா நான் சொன்ன சொல்லுல எல்லாரும் கப்சிப்னு ஆய்ட்டாங்க. போன் அடிக்குது, அடிக்குது, அடிக்குது. அந்த மூஞ்சி என்ன பாத்து சிரிச்சுக்கினே இருக்குது. உள்ளங்கையில சூடம் சுட்ட எடம் தொடைக்கு கீழ திகுதிகுன்னுது. கண்டக்டரு டிக்கெட்டு கிழிக்காம நிக்கறாரு. பூக்கார பொண்ணு எங்க எடுத்துடுவேனோன்னு என் முழங்கைய இறுக்கி புடிச்சுக்கினுது.

நின்னுது.

"நின்னுடுச்சு!"ன்னு கத்துனேன். பின்னாடி சீட்டுக்காரரு எதுக்குன்னே தெரியாம கை தட்டுனாரு.

கைய வெளிய எடுத்து, அக்கா மூஞ்சிய தேடி ஒரு அமுக்கு அமுக்குனேன். ஒரே மணில எடுத்துட்டா.

"முழுங்கிட்டேன்டி. நீ எடுக்கலயே?"

"எடுக்கலக்கா."

"எத்தன முழுங்குனேன்னு கேளு."

"எத்தனக்கா?"

"ஒண்ணு."

அந்தாண்ட கோழி கத்தறது கேட்டுது. அக்கா தண்ணி சொம்ப கீழ வைக்கற சத்தம், அப்பறம் "அய்யோ முட்டி"ன்னு அவ ஒக்கார்ற சத்தம்.

"ம். இப்ப பேசு"ன்னா.

விழுப்புரம் வர்ற வரைக்கும் பேசுனேன்.